மூல ஓலை இல்லாத பேட்டரி

2023 ஜூன் 23, அதிகாலை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரில், நிக்கோலா என்ற மின்சார லாரி நிறுவனத்தின் தலைமையக வளாகம். அங்கே நின்றிருந்த லாரிகளில் ஒன்று எரியத் தொடங்கிப் பக்கத்து லாரிகளுக்கும் தீ பரவியது. ஓடாமல் நின்ற வண்டி தானாக எப்படிப் பற்றும்? யாரோ வேண்டுமென்றே செய்திருக்கலாம் என்றுதான் நிறுவனம் முதலில் சந்தேகித்தது. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஏதோ ஒரு வாகனம் தென்பட்டதாம். ஏழு வாரம் கழித்து, வெளி நிபுணர்களை வைத்து நடத்திய விசாரணையின் முதல் முடிவு வந்தது. ஆள் யாரும் வரவில்லை. ஒரு பேட்டரி பேக்குக்குள் குளிர்விப்புத் திரவம் கசிந்திருக்கிறது.

முடிவை அறிவிப்பதற்கு முதல் நாள், ஆகஸ்ட் 10-ல், நிறுத்தி வைத்திருந்த இன்னொரு சோதனை லாரியிலும் ஒரு பேக் சூடேறிக் கெட்டது. மறுநாள் நிக்கோலா, வாடிக்கையாளர்களிடமும் டீலர்களிடமும் இருந்த 209 பேட்டரி லாரிகளையும் திரும்ப அழைத்தது. புதிய விற்பனையையும் நிறுத்தி வைத்தது. அதுவரை லாரிகளில் பொருத்திய பேக்குகள் 3,100-க்கு மேல். சூடேறியவை இரண்டே இரண்டு. சதவீதத்தில் சொன்னால் 0.07-க்கும் கீழே. பரீட்சையில் இப்படி மார்க் வாங்கினால் மாலை போடுவார்கள். பேட்டரிக் கணக்கில் இது மொத்த வண்டிகளையும் திரும்ப அழைக்க வேண்டிய எண்.

ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போடலாம். பத்து லட்சம் செல்லில் ஒன்றே ஒன்று பழுது என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலைக்கு இது பெருமையான எண். ஒரு சரக்கு வண்டியின் பேக்கில் 2,000 செல்கள் என்றால், ஆயிரம் வண்டிக்கு 20 லட்சம் செல்கள். அதில் பழுதானவை இரண்டு. அதாவது இரண்டு வண்டிகள் என்றைக்கோ ஒருநாள் எரியும். எந்த இரண்டு என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆயிரத்தையும் அழைத்தால்தான் அந்த இரண்டும் அகப்படும். திரும்ப அழைப்பு என்றாலே "எல்லா வண்டியும் டப்பா" என்று டீக்கடையில் பேசிக்கொள்வது இதனால்தான் தப்பு. எது டப்பா என்று தெரியாததால்தான் எல்லாவற்றையும் கூப்பிடுகிறார்கள்.

இனி செல்லுக்குள் போவோம். லித்தியம் அயனி செல் ஒன்றைப் பிரித்தால், உள்ளே இருப்பது இறுக்கிச் சுருட்டிய பாய் மாதிரியான ஒரு சுருள் (அடுக்காக வைக்கும் வகையும் உண்டு). செம்புத் தகட்டின் மேல் கிராஃபைட் பூச்சு, அது எதிர்முனை. அலுமினியத் தகட்டின் மேல் உலோக ஆக்சைடோ பாஸ்பேட்டோ பூசியிருக்கும், அது நேர்முனை. இரண்டுக்கும் நடுவே பிளாஸ்டிக்கால் ஆன பிரிப்பான் படலம், பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான் தடிமன். தலைமுடி இதைவிடப் பல மடங்கு பருமன். எல்லாம் ஊறிக் கிடப்பது எளிதில் பற்றக்கூடிய ஒரு கரிமக் கரைசலில். வண்டியின் பாதுகாப்பு மொத்தமும் கடைசியில் அந்தப் படலத்தின் மேல்தான் நிற்கிறது.

படலம் மடங்கினால்? மின்முனையின் ஓரத்தில் உள்ள இணைப்புத் தகடு லேசாகக் கிழிந்திருந்தால்? அமெரிக்காவில் செவர்லே போல்ட் காரில் நடந்தது இதுதான். எல்ஜி தயாரித்த சில செல்களில் கிழிந்த எதிர்முனைத் தகடும் மடங்கிய பிரிப்பானும் ஒரே செல்லில் சேர்ந்து அமைந்துவிட்டன. தனித்தனியாக இருந்திருந்தால் பெரிய விபரீதம் இல்லை. இரண்டும் சேர்ந்தால் தீ. ஜெனரல் மோட்டார்ஸ் 2020 நவம்பரில் ஒரு பகுதி வண்டிகளை அழைத்தது. 2021 ஆகஸ்டுக்குள் அதுவரை செய்த போல்ட் கார் அத்தனையையும், சுமார் 1,42,000 வண்டிகளை, அழைக்க வேண்டியதாயிற்று. செலவில் 190 கோடி டாலர் வரை எல்ஜி ஏற்றுக்கொண்டது. அதே 2021 பிப்ரவரியில் ஹூண்டாய் தன் கோனா உள்ளிட்ட சுமார் 82,000 மின் வாகனங்களின் பேட்டரியை மாற்றுவதாக அறிவித்தது. அதற்கு அது ஒதுக்கிய தொகை ஒரு லட்சம் கோடி கொரிய வோன்.

உள்ளே ஒரு புள்ளியில் நேர்முனையும் எதிர்முனையும் தொட்டுக்கொண்டால் அந்த இடம் சூடாகிறது. 80 டிகிரிக்கு மேல் போனால் கிராஃபைட்டின் மேல் இயற்கையாகவே படிந்திருக்கும் காப்புப் படலம் சிதையத் தொடங்கி, தன் பங்குக்கு வெப்பத்தை வெளிவிடும். 130 டிகிரி வாக்கில் பாலிஎதிலின் பிரிப்பான் உருகும். தொடும் இடம் ஒரு புள்ளியாக இருந்தது இப்போது பரப்பாகிறது. 200 டிகிரியை ஒட்டி, நிக்கல் அதிகமுள்ள நேர்முனைகள் தம்முள் கட்டுண்டிருந்த ஆக்சிஜனை விடுவிக்கும். இதற்குமேல் வெளிக்காற்று தேவையே இல்லை. எரிய வேண்டியதும் எரிக்க வேண்டியதும் ஒரே டப்பாவுக்குள் இருக்கின்றன. மணலைக் கொட்டினாலும் போர்வையைப் போர்த்தினாலும் அடங்காததற்கு இதுவே காரணம். தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீர் பாய்ச்சுவது நெருப்பை மூச்சுத் திணற வைக்க அல்ல, அடுத்த செல்லைக் குளிர வைக்க. அணைந்ததாக நினைத்த பேக் பல மணி நேரம், சில சமயம் பல நாள் கழித்து மறுபடி பற்றுவதும் உண்டு.

இரும்பு பாஸ்பேட் வகை செல்லில் இந்தச் சங்கிலி இன்னும் அதிக வெப்பநிலையில்தான் தொடங்கும். ஆக்சிஜனும் எளிதில் வெளிவராது. நம் ஊரில் குட்டியானை என்று செல்லமாக அழைக்கும் டாடா ஏஸின் மின்சார வடிவம் 2022 மே மாதம் அறிமுகமானபோது, 21.3 கிலோவாட் மணி கொண்ட இந்த வகை பேட்டரியோடுதான் வந்தது. சரக்கு வண்டிக்கு இது புத்திசாலித்தனமான தேர்வு. ஆனால் "இது எரியவே எரியாது" என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். சிதையும் செல் கக்கும் வாயுவில் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் உண்டு. மூடிய அறையில் அதுவே போதும்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கத்திரி வெயிலில் வண்டி எரிந்தால் வெயில்தான் காரணம் என்று முடித்துவிடுகிறோம். விழுப்புரத்து வெயில் 42 டிகிரி, தார் ரோட்டின் மேல் பேக் 55 டிகிரி என்றே வைத்துக்கொண்டாலும், நல்ல செல்லை எரிய வைக்க அது போதாது. வெயில் செய்வது வேறு வேலை. தோராயமாக 10 டிகிரி கூடினால் வேதிவினைகளின் வேகம் இரட்டிப்பாகும். செல் சீக்கிரம் கிழடுதட்டும், உள்ளே ஏற்கெனவே இருக்கும் குறை சீக்கிரம் வளரும். பழுதை உண்டாக்கியது தொழிற்சாலை. வெயில் அதற்கு நாள் குறிக்கிறது, அவ்வளவுதான்.

நிக்கோலாவின் கதை செல்லுக்குள் நடந்ததல்ல, செல்லுக்கு வெளியே, பேக்குக்குள் நடந்தது. பெரிய லாரியின் பேக்குகளைக் குளிர்விக்கத் தண்ணீரும் கிளைக்காலும் கலந்த திரவம் குழாயில் ஓடும். அது கசிந்து உயர் மின்னழுத்த இணைப்புகளுக்கு இடையே தேங்கினால், அதன் வழியே மின்சாரம் கசியத் தொடங்கும். படிவு சேரும், சூடேறும், பக்கத்துச் செல் சிக்கும். வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டாலும் பேட்டரிக்குள் மின்னழுத்தம் அப்படியேதான் இருக்கும். டீசல் லாரிக்காரருக்குப் பழக்கமில்லாத விஷயம் இது.

அதனால்தான் நிக்கோலா அப்போது கொடுத்த அறிவுரை விசித்திரமாக இருந்தது. லாரிகளை ஓட்டலாம்; ஆனால் வெளியே திறந்த இடத்தில் நிறுத்துங்கள், பேட்டரியின் மெயின் சுவிட்சை எப்போதும் ஆன் செய்தே வையுங்கள். எதையும் அணைத்து வைத்தால்தான் பாதுகாப்பு என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே அணைத்தால் கண்காணிப்புக் கருவியும் சேர்ந்து தூங்கிவிடும். ஆன் செய்திருந்தால் ஒவ்வொரு பேக்கின் நிலையும் நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். கசிவின் முதல் அறிகுறியிலேயே ஓட்டுநருக்குத் தகவல் சொல்லலாம்.

தகவலை வைத்துப் பழுதான செல்லைப் பிடிப்பது இன்று ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. உள்ளே மிக நுண்ணிய தொடர்பு ஏற்பட்ட செல், வண்டி சும்மா நிற்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜை இழக்கும். இரவு பத்து மணிக்கும் காலை ஐந்து மணிக்கும் மின்னழுத்தத்தை அளந்து பார்த்தால், மற்ற செல்கள் அப்படியே இருக்க இது மட்டும் சில மில்லிவோல்ட் இறங்கியிருக்கும். ஒருநாள் இறங்கினால் சந்தேகம், தொடர்ந்து இறங்கினால் சாட்சி. இதைச் செய்ய வண்டியின் பேட்டரி மேலாண்மைச் சுற்று, அதாவது பி.எம்.எஸ்., ஒவ்வொரு செல் தொகுதியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அளந்ததைச் சேமிக்க வேண்டும். யாராவது அதைப் படிக்க வேண்டும். விலை மலிவான வண்டிகளில் வெட்டு விழுவது இங்கேதான்.

தமிழ்நாடு இதை 2022-ல் கசப்பாகக் கற்றது. மார்ச் கடைசியில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் இரவில் எரிந்தது. புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் அவருடைய 13 வயது மகளும் இறந்தார்கள். அதே வாரத்தில் சென்னை மாத்தூர் பக்கம் நடுரோட்டில் ஒரு ஸ்கூட்டர் எரிந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அடுத்த மாதம் வரிசையாக அறிவிப்புகள்: ஒகினாவா தன் பிரைஸ் புரோ ஸ்கூட்டர்களில் 3,215-ஐ, பேட்டரியில் தளர்ந்த இணைப்பு உண்டா என்று பார்க்க அழைத்தது, ப்யூர் ஈ.வி. 2,000 வண்டிகளை, கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஆலை வைத்திருக்கும் ஓலா 1,441 வண்டிகளை. மூன்றும் ஒரே ஏப்ரலில்.

அதன்பின் விதிகள் இறுகின. ஹைதராபாத்தில் உள்ள ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்த டாடா நரசிங்க ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, இரண்டு மற்றும் மூன்று சக்கர வண்டிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 தரமும் பெரிய வண்டிகளுக்கான ஏ.ஐ.எஸ். 038 தரமும் திருத்தப்பட்டன. 2022 டிசம்பர் 1-ல் ஒரு கட்டம், 2023 மார்ச் 31-ல் இன்னொரு கட்டம். ஒரு செல்லை வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கும்போது அது பேக் முழுக்கப் பரவி வெடிக்கக் கூடாது, ஓட்டுநருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை வர வேண்டும் என்பது இதன் சாரம். நல்ல விதி. ஆனால் சோதனைக்குப் போவது ஒரு மாதிரி பேக். தெருவுக்கு வருவது ஆலையில் ராத்திரி ஷிஃப்டில் செய்ததும் சேர்த்து.

சரக்கு வண்டியில் பிரச்சினைக்கு இன்னும் சில முகங்கள் சேர்கின்றன. வீட்டு ஸ்கூட்டர் பாதி நாள் சும்மா நிற்கும். சம்பாதிக்கும் வண்டி நிற்காது. தினம் அடிவரை தீர்ந்து, அவசரமாகச் சார்ஜ் ஏறி, அளவுக்கு மேல் பாரம் சுமந்து, கப்பி ரோட்டில் குலுங்கி ஓடும். இணைப்பு தளர இதைவிட நல்ல வழி இல்லை. ராத்திரி இவை ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். 2021 செப்டம்பர் 30-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பணிமனையில் ஒரே தீயில் 25 பேருந்துகள் போயின. 2022 ஏப்ரலில் பாரிஸில் இரண்டு மின் பேருந்துகள் எரிந்ததும், அதே வகைப் பேருந்துகள் 149-ஐயும் நிர்வாகம் ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 முதல் 120 மின் பேருந்துகள் ஓடுகின்றன. அவற்றின் நிறுத்த இடைவெளியைப் பற்றி யோசிப்பதும் மின்பொறியாளரின் வேலைதான்.

இவ்வளவும் பொறியியல். திரும்ப அழைப்பு வெற்றி பெறுவதும் தோற்பதும் பெரும்பாலும் இதில் இல்லை, ஆவணத்தில் இருக்கிறது.

ஆவணம் என்றால் திருவெண்ணெய்நல்லூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு வந்த கிழவர் "நீ எனக்கு அடிமை" என்று ஓலையை நீட்ட, மணமகன் அதைப் பிடுங்கிக் கிழித்தெறிந்தார். கிழவர் பதறவில்லை. கிழிந்தது படி ஓலை. மூல ஓலை வேறு இருக்கிறது என்று சொல்லி, வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குக் கொண்டுவந்தார். சபையார் கிழவர் பேச்சை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை. மூல ஓலையை எழுதியதாகச் சொல்லப்பட்ட சுந்தரரின் பாட்டனார் எழுதிக் காப்பில் வைத்திருந்த வேறோர் எழுத்தை வரவழைத்து, கையெழுத்தை ஒத்துப் பார்த்தார்கள்; ஒத்திருந்தது. வந்தவர் இறைவன் என்பது பக்தருக்கு முக்கியம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது சபையின் நடைமுறை: உரிமை கோருபவர் யாராக இருந்தாலும், மூலம் எங்கே, அதோடு ஒத்துப் பார்க்க இரண்டாவது சான்று எங்கே?

பேட்டரியை அழைப்பதும் இதே சங்கிலிதான். எந்தத் தேதியில், எந்த எந்திரத்தில் சுருட்டிய செல்; அது எந்த பேக்கில் போனது; அந்த பேக் எந்தச் சேசிஸ் எண்ணில் ஏறியது; அந்த வண்டி இன்று யார் வீட்டு வாசலில் நிற்கிறது? ஒரு கண்ணி விட்டுப்போனாலும் நிறுவனம் எல்லோரையும் அழைக்க வேண்டும், இல்லையென்றால் யாரையும் அழைக்க முடியாது. ஆலைக்குள் இருக்கும் கண்ணிகள் இன்று ஓரளவு உறுதி. செல்லின் மேலேயே குறியீடு அச்சாகிறது. வெளியே வந்தபின்தான் சங்கிலி அறுகிறது.

சட்டம் நம்மிடம் இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 110-ஏ பிரிவு, பழுதான வண்டிகளைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசே உத்தரவிடலாம் என்கிறது. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது; மீறினால் அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை. உற்பத்தியாளர் வண்டியின் விலையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது மாற்று வண்டி தர வேண்டும், அல்லது பழுதைச் சரிசெய்ய வேண்டும். இன்னொரு வாசகம் பலர் கண்ணில் படாதது: பழுது ஒரு உதிரிபாகத்தில் என்றால், அந்தப் பாகம் உள்ள எல்லா வண்டிகளையும், எந்த வகை, எந்த மாடல் ஆனாலும், அழைக்கச் சொல்லலாம். ஒரே செல்லைப் பல மாடல்களில் பொருத்தும் தொழிலில் இது கூர்மையான ஆயுதம். கூர்மை வேலை செய்ய, எந்த வண்டிக்குள் எந்த செல் என்ற பட்டியல் வேண்டும்.

அரசூர் கூட்டுரோட்டிலிருந்து திருவெண்ணெய்நல்லூருக்கு வரும் பாதையில், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டையை விற்பனைக் கமிட்டிக்கு ஏற்றிப் போகும் ஒரு பேட்டரி லோடு ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் சொந்தக்காரர் சென்னையில் பார்சல் ஓட்டியவர். டியூ கட்ட முடியாமல் ஃபைனான்ஸ்காரர் வண்டியை எடுத்தார்; பழைய வண்டி விற்கும் விழுப்புரத்துக் கன்சல்டிங்கில் கைமாறியது. ஆர்.சி.யில் பெயர் மாறியிருக்கலாம். கைபேசி எண் இன்னும் பழையவருடையதாக இருக்கும். நிறுவனம் அழைப்பு அனுப்பினால், வண்டியே இல்லாத ஒருவர் பல்லாவரத்தில் உட்கார்ந்து அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிடுவார். நடுவே பேட்டரி இறங்கிப்போய், உள்ளூர் மெக்கானிக் பேக்கைத் திறந்து ஐந்தாறு செல்லை மாற்றி வெல்டு வைத்திருந்தால், ஆலையின் பதிவுக்கும் பேக்குக்குள் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. புது பேக்கின் விலை வண்டி விலையில் கணிசமான பங்கு. டீலர் விழுப்புரத்திலோ புதுச்சேரியிலோ இருப்பார். நாள் ஒன்று போனால் கூலி போச்சு. வண்டிக்காரர் வேறு எங்கே போவார்?

போதாததற்கு, பேட்டரி இல்லாமலேயே மின் வண்டியை விற்கலாம், பதிவு செய்யலாம் என்று 2020 ஆகஸ்டில் மத்திய அரசு அனுமதித்தது. மாற்றிக்கொள்ளும் பேட்டரி முறை வளர அது நல்ல முடிவு. ஆனால் காலையில் ஒரு பேக், மாலையில் இன்னொரு பேக் என்று ஓடும் வண்டிக்குச் சேசிஸ் எண்ணை வைத்து பேட்டரியைத் தேட முடியாது. வண்டிக்கு ஒரு ஓலை, பேட்டரிக்கு ஒரு ஓலை என்று தனித்தனியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி 18 முதல் மின் வாகன பேட்டரி ஒவ்வொன்றுக்கும் மின்னணு கடவுச்சீட்டைக் கட்டாயமாக்குகிறது. இந்தியாவிலும் பேட்டரிக்கு ஆதார் எண் தரும் யோசனை பேச்சில் இருக்கிறது. மனிதர் ஆதாரைப் போல இதற்கும் வரிசையில் நிற்க வைக்காமல் இருந்தால் சரி.

எண் இருந்தாலும், அழைக்க ஆள் இருக்க வேண்டும். நிக்கோலா திரும்பப் பெற்ற லாரிகளுக்கு வேறு பேட்டரி பொருத்தித் திருப்பிக் கொடுக்கும் வேலையைத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் திவாலாகி நீதிமன்றத்துக்குப் போனது. மின் பேருந்து செய்துவந்த புரொடெர்ரா 2023 ஆகஸ்டிலேயே அதே வழியில் போயிற்று. புதிய தொழில், புதிய நிறுவனங்கள். சிலது நிற்கும், சிலது நிற்காது. பேட்டரி மட்டும் எட்டு, பத்து வருடம் ஓடும்படி செய்தது. செய்தவர் இல்லாமல் போன பேக்கின் தகவல் யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு நம் சட்டத்தில் இன்னும் நேரான பதில் இல்லை. திரும்பப் பெறும் செலவை முன்கூட்டியே ஒரு நிதியில் போட்டு வைக்கச் சொல்லலாம். செல் எண்களின் பட்டியலை விற்கும்போதே அரசின் வாகன் தளத்தில் சேர்க்கச் சொல்லலாம். இரண்டாவதற்குப் பெரிய செலவுகூட இல்லை.

அதுவரை வண்டிக்காரர் தன் அளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழைய வண்டி கைமாறும்போது கன்சல்டிங்கில் எழுதும் விற்பனைக் கடிதத்தில் சேசிஸ் எண்ணுக்கும் மோட்டார் எண்ணுக்கும் இடம் இருக்கும். பேட்டரி எண்ணுக்கு இடம் இராது. பேக்கின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத் துடைத்துப் பார்த்து, அந்த எண்ணையும் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். பேக்கைத் திறந்து செல் மாற்றியிருந்தால் யார், எப்போது மாற்றினார் என்பதை அடுத்த வரியில். பிறகு ஆர்.டி.ஓ. பதிவில் உங்கள் கைபேசி எண் ஏறிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.